காலியாகப் போன அழைப்பிதழ்

எழுத்துகளை ஆட வைப்பது என் பிழைப்பு. கடலூர் ஓல்ட் டவுனில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு லேப்டாப், ஒரு மேசை விசிறி, கால் ஆடும் ஒரு நாற்காலி, கடை இவ்வளவுதான். ஜவுளிக்கடைக்காரருக்குத் ‘தள்ளுபடி’ என்ற சொல் குதித்துக்கொண்டு வர வேண்டும். கல்யாண வீட்டுக்காரருக்கு மணமக்கள் பெயர் மெல்ல விரிய வேண்டும். ஆறு விநாடி ஓடி முடிந்ததும், யாரும் எதையும் அமுக்காமலேயே மறுபடி முதலிலிருந்து ஓடும். இப்படிச் சுற்றிச் சுற்றி வரும் சின்னப் படக்கோப்பை ஜிஃப் என்பார்கள்.

என் வேலையைப் பற்றி வாடிக்கையாளர்கள் சொல்லும் குறை ஒன்றுதான். “படிக்கறதுக்குள்ள ஓடிடுதுங்க்கா.” எனக்கு நிற்கிற எழுத்தைக் கண்டால் ஆகாது. எழுத்து வந்து நின்றதும், சரி பார்த்தாயிற்று, கிளம்பு என்று தோன்றிவிடும். ஒரு விநாடி நிறுத்த வேண்டிய இடத்தில் அரை விநாடிதான் நிறுத்துவேன். என் சுபாவமே அப்படி. பால் பொங்கும்வரை அடுப்பு முன்னால் நின்றதில்லை. பேருந்து கிளம்ப ஐந்து நிமிடம் ஆகும் என்றால் இறங்கி வேறு பேருந்தில் ஏறுவேன். இறங்கிய பேருந்து முன்னால் போவதை ஏறிய பேருந்தின் ஜன்னலிலிருந்து பார்த்துப் பல்லைக் கடிப்பேன்.

தங்கைக்கு நிக்காஹ் முடிவானது போன வருடம். அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அத்தா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லை. பெண்ணின் சார்பில் நின்று, சம்மதம் சொல்லி, அவளை ஒப்படைக்கிறவரை வலீ என்போம். அத்தா இல்லாத வீட்டில் அந்த இடம் அத்தாவின் அண்ணனுக்கு, அதாவது எங்கள் பெரியத்தாவுக்கு உரியது. அவர் கிள்ளையில் குடியிருக்கிறார். சிதம்பரத்தில் வலை நூல், கயிறு, மிதவை விற்கும் கடை வைத்திருக்கிறார். அத்தாவை அடக்கம் செய்த நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். அன்று அடைமழை. அவர் வந்து சேர்வதற்குள் மய்யத்தை, அதாவது அத்தாவின் உடலை, அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். தம்பி முகத்தை அவர் பார்க்கவில்லை. நனைந்த கைலியோடு வாசலில் நின்று, “எடுத்துட்டீங்களா?” என்று என்னிடம் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அடக்கம் நடந்த கபர்ஸ்தானுக்குப் போய்விட்டு, அங்கிருந்தே கிளம்பிவிட்டார். “மழைக்கு யார் என்னா பண்ண முடியும்? இதுக்குப் போயி இம்மாங் கோவமா?” என்று அம்மா வருடாவருடம் சொல்வார்.

ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அன்று எடுப்பதற்குச் சற்று முன்னால் பெரியத்தா எனக்குப் போன் செய்தார். புதுச்சத்திரம் பக்கம் ரோட்டில் தண்ணீர். “வந்துட்டே இருக்கேம்மா. அரை மணி நேரம். மொகத்தப் பாத்துடறேன், சொல்லி வையி” என்றார். சரி என்றேன். போனை வைத்ததும் பள்ளிவாசல் ஜமாத்தைச் சேர்ந்த ஒருவர் கதவருகே வந்து, “அண்ணன் எங்க வர்றாரு, தகவல் எதுனா உண்டா?” என்று கேட்டார். “தெரியல. எடுங்க” என்று சொல்லிவிட்டேன். அந்த அழுகையிலும் ஊதுபத்தி வாசத்திலும் இன்னும் ஒரு நிமிடம்கூட என்னால் உட்கார முடியாது என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை.

பெரியத்தா இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எல்லோரும் என்னைத் திட்டியிருப்பார்கள், விஷயமும் முடிந்திருக்கும். அவர் வாயைத் திறக்காததால் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயம்.

நிக்காஹுக்கு ஒரு மாதம் இருந்தது. “நேர்ல போயி, சக்கர பழம் வெச்சு, அழைக்கணும். அவுங்க சம்மதம் கேட்டுட்டுதான் கார்டே அடிக்கணும்” என்றார் அம்மா. எங்கள் பக்கம் நெருங்கிய சொந்தத்தை அப்படித்தான் அழைப்பார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, சிதம்பரம் வரை பேருந்தில் உட்கார முடியாது. என் கணவர் துபாயில். ஆக, போக வேண்டியவள் நான்தான். “பெரியத்தாவே வலீயா நிக்கணும்க்கா. அத்தா மொகச்சாடை அவுங்ககிட்டதான் இருக்கு” என்றாள் தங்கை. அவள் மற்றபடி எதுவும் கேட்கவில்லை, நகைகூட.

நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். ஓடும் அழைப்பிதழ் ஒன்று செய்வது. அதில் கடைசி வரியாக, அழைப்பவர் என்ற இடத்தில், பெரியத்தாவின் பெயர் வர வேண்டும். அதைப் பார்த்தால் அவர் மனம் இளகிவிடும். நானும் அவர் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்காது. மூன்று நாள் வேறு வேலை எதையும் தொடவில்லை.

நிக்காஹ் நடக்கவிருந்த மண்டபத்தின் வாசலில் எல்இடி போர்டு இருந்தது; அழைப்பிதழ் அதிலும் ஓட வேண்டும். அதை நடத்துபவர், “ரெண்டு எம்பிக்கு மேல போனா போர்டு ஹேங் ஆயிடும்” என்று முன்பே சொல்லியிருந்தார். நான் முதலில் எக்ஸ்போர்ட் செய்தபோது முப்பத்தெட்டு எம்பி வந்தது. அதை இறக்க ஆரம்பித்தேன். விநாடிக்கு இருபத்து நான்கு பிரேம், அதாவது தனித்தனிப் படம், இருந்ததைப் பன்னிரண்டாக்கினேன். அகலத்தைப் பாதியாக்கினேன். ஜிஃப்புக்கு இருநூற்றைம்பத்தாறு நிறத்துக்கு மேல் தெரியாது. கரும்பச்சையிலிருந்து இளம்பச்சைக்கு மெல்ல மாறிய என் பின்னணி படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாக உடைந்தது. பட்டை தெரியாமல் இருக்க நடுவே பொடிப் புள்ளிகளைத் தூவினால் கோப்பு மறுபடி ஊதியது. ஆத்திரத்தில் பின்னணியை ஒரே பச்சையாக்கினேன். எழுத்தின் பொன் நிறத்தையும் நாலைந்து சாயலோடு நிறுத்திக்கொண்டேன். ஓரம் பிசிறில்லாமல் வந்தது. ஒன்று புள்ளி எட்டு எம்பி. விசிறியைப் பார்த்து, “எப்படி?” என்று கேட்டேன்.

இன்னொரு விஷயத்திலும் எனக்குப் பெருமை இருந்தது. எழுத்து எதுவுமில்லாத வெறும் பச்சையில் தொடங்கி, எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து, கலைந்து, வெறும் பச்சையில் முடியும். தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருப்பதால் எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று கண்ணுக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் அதுதான் கெட்டிக்காரத்தனம்.

அடுத்தது அனுப்புவது. வாட்ஸ்அப்பில் படமாகப் போட்டால் அது தன் இஷ்டத்துக்குக் கசக்கி, எழுத்தின் ஓரத்தை மங்கலாக்கிவிடும். மூன்று நாள் உழைப்பைக் கசக்க விடுவேனா? டாக்குமெண்டாக இணைத்து, அசல் கோப்பை அப்படியே சொந்தங்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். தங்கை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, வெறும் பச்சையாத் தெரியுதே. ஒண்ணையும் காணோம்.”

“தட்டுனா ஓடும்டி. போயி வேலயப் பாரு.”

பெரியத்தாவுக்கு அனுப்பியபோது கீழே ஒரு வரிகூட எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. படமே பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று மதியமே இரண்டு டிக்கும் நீலமாயின; பார்த்துவிட்டார். பதில் இல்லை. மற்ற சொந்தங்கள் பூவும் இதயமுமாக அனுப்பித் தள்ளினார்கள். பெரியத்தாவிடமிருந்து ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்த போனை நிமிடத்துக்கு ஒரு தடவை நிமிர்த்தினேன். அவர் ஆன்லைனில் வருவது தெரியும், உடனே போவது தெரியும். தங்கை, “பதில் வந்துச்சா?” என்று வாயால் கேட்பதை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது முகத்தை மட்டும் பார்த்தாள். அச்சகத்திலிருந்து கார்டுக்காக நச்சரித்தார்கள். ஜவுளிக்கடைத் தள்ளுபடியில் ஐம்பதைப் பதினைந்தாகப் போட்டு அனுப்பி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலையில் அம்மா, “அவுங்க வரலன்னா ஜமாத்துல யாரையாச்சும் வலீயா நிக்கச் சொல்லிக் கேக்கலாம். என்னா பண்றது” என்றார். தங்கை சரி என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனாள். வாளியில் தண்ணீர் நிரம்பி வழியும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு, ஒரு கிலோ சர்க்கரையும் சாத்துக்குடியும் வாங்கி, சிதம்பரம் பேருந்தில் ஏறினேன்.

அன்றைக்கென்று பேருந்து ஊர்ந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரோ ஒருவர் மூட்டையைத் தேடினார். புதுச்சத்திரம் வந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பாமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ரோட்டில் அன்று தண்ணீரில் இறங்கி நின்ற மனிதர், என் வார்த்தையை நம்பி நின்றிருந்தார்.

கடையில் அவர் மட்டும் இருந்தார். நைலான் கயிற்றை முழம் போட்டுக்கொண்டிருந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. தங்கை சொன்னது சரிதான்; அத்தா இன்னும் நான்கு வருடம் இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பார். ஸலாம் சொன்னேன். பதில் ஸலாம் சொன்னார். முழம் போடுவதை நிறுத்தவில்லை.

“அனுப்பினேனே, பாக்கலியா பெரியத்தா?”

“பாத்தேன்.”

“ஒண்ணுமே சொல்லலியே.”

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். திரையின் ஒரு மூலை விரிசல் விட்ட பழைய போன். கண்ணாடியை மாட்டி, தேடி, என் பக்கம் நீட்டினார்.

“நீயே பாரு. இதுல என்னா இருக்குது, நான் சொல்றதுக்கு?”

வெறும் பச்சை. தட்டினேன். பெரிதானது, அதே பச்சை. மறுபடி தட்டினேன். அந்தப் போனில் டாக்குமெண்டாக வந்த கோப்பு ஓடவில்லை. முதல் பிரேம் மட்டும் அசையாமல் நின்றது. நான் பெருமையோடு காலியாக விட்ட முதல் பிரேம்.

“தெனம் தொறந்து பாக்கறேன். பக்கத்து செல்போன் கடையில கூடக் காட்டுனேன். காலிப் படம் பாய், ஒண்ணுமில்லன்னுட்டான். சரி, கூப்புட்டோம்னு பேருக்கு ஒரு வெத்துக் கார்டு அனுப்பிருக்குதுங்க, நம்ம எடம் அவ்ளோதான்னு நெனச்சிக்கினேன்.”

லேப்டாப்பைக் கயிற்றுக் கட்டுகளின் மேல் வைத்துத் திறந்து ஓட விட்டேன். பச்சையில் பிஸ்மில்லாஹ் வந்தது, மணமக்கள் பெயர் வந்தது, நாள், இடம், கடைசியாக அழைப்பவர் என்ற சொல்லும் அதன் கீழே அவர் பெயரும் வந்தன. வந்த வேகத்தில் கலைந்தன. அவர் குனிந்து பார்த்தார்.

“அது என் பேரா?”

“ஆமா.”

“சரியாப் பாக்கல. மறுபடி வருமா?”

“வரும். தானா வரும்.”

மறுபடி வந்தது. மறுபடி போனது. அவர் நிமிரவே இல்லை. நான்காம் சுற்றோ ஐந்தாம் சுற்றோ, எனக்குத் தாங்கவில்லை.

“பெரியத்தா, அன்னிக்கி நீங்க போன்ல சொன்னத நான் யார்கிட்டயும் சொல்லல. எங்க வர்றாருன்னு கேட்டாங்க. தெரியல, எடுங்கன்னு நான்தான் சொன்னேன். எனக்கு அங்க உக்காந்திருக்க முடியல. அதுக்காகத்தான். வேற ஒண்ணும் இல்ல.”

சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தேன். கடைக்கு ஒருவர் மிதவை கேட்டு வந்தார். பெரியத்தா எழுந்து எடுத்துக் கொடுத்து, அவரை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த இரண்டு நிமிடம் எனக்கு இரண்டு மணி நேரம்.

“தெரியும்” என்றார். “நீ சொல்லிருந்தா அவுங்க நின்னிருப்பாங்க. அரை மணி நேரம் யாரும் நிக்காம போவ மாட்டாங்க. தெரிஞ்சிதான் அன்னிக்கி கபர்ஸ்தான்லேருந்தே கெளம்பி வந்தேன். உங்கம்மாகிட்ட சொன்னா ஒன்ன ஜாஸ்தி ஏசும். அப்பன் போன வூட்டுல அது வேறயான்னு வுட்டுட்டேன்.”

மன்னித்தேன் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வாங்கிக்கொள்ளாத அழைப்பின் சர்க்கரையை யாரும் உள்ளே வைப்பதில்லை. பிறகு திரையைக் காட்டி, “இது ஏன் இப்டி ஓடுது? என் பேரு போவாம நிக்காதா?” என்று கேட்டார்.

வாடிக்கையாளர் யாராவது இப்படிக் கேட்டிருந்தால், அப்புறம் சுற்று கெட்டுவிடும், முடிவும் தொடக்கமும் ஒட்டிய தையல் வெளியே தெரியும், அழகாக இருக்காது என்று அரை மணி நேரம் வாதாடியிருப்பேன். அன்று அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். முதல் பிரேமிலேயே எல்லா எழுத்தும் இருக்கும்படி வைத்தேன். மற்றவை கலைந்து மறுபடி கூடட்டும். அவர் பெயர் மட்டும் முதலிலிருந்து கடைசிவரை அசையாமல் நிற்கட்டும். எக்ஸ்போர்ட் செய்தேன். ஒன்று புள்ளி இரண்டு எம்பிதான் வந்தது. அசையாத இடத்தை ஜிஃப் ஒவ்வொரு பிரேமிலும் புதிதாக எழுதுவதில்லை, முன்பு எழுதியதையே வைத்துக்கொள்கிறது. இத்தனை வருடத் தொழிலில் எனக்குத் தெரியாத விஷயமல்ல, ஆனால் எதையும் நிற்க விட்டிருந்தால்தானே.

அவருக்கு அனுப்பினேன். அவர் போனில் அது இப்போதும் ஓடவில்லை. ஆனால் எல்லாம் இருந்தது. அவர் பெயரை விரலால் தொட்டுப் பெரிதாக்கிப் பார்த்தார். “வரேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு” என்றார்.

நிக்காஹ் காலை பதினோரு மணிக்கு. பத்தரைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். பதினொன்றுக்குப் பெரியத்தா வரவில்லை. நிக்காஹ் ஓதி வைக்கும் ஹஜ்ரத்துக்குப் பன்னிரண்டரைக்கு வேறொரு நிக்காஹ் இருந்தது. அவர் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது என் போன் அடித்தது.

“ஆலப்பாக்கத்துகிட்ட வண்டி பஞ்சர்மா. வந்துட்டே இருக்கேன். அரை மணி நேரம்.”

அதே குரல், அதே அரை மணி நேரம். போனை வைத்ததும் ஜமாத்திலிருந்து ஒருவர் வந்தார். “ஒங்க பெரியத்தா எங்கம்மா? ஹஜ்ரத் கெளம்பணும்றாரு. நம்ம ஆளு ஒருத்தர வலீயா வெச்சு முடிச்சிடலாமா?”

“பெரியத்தா வந்துட்டே இருக்காங்க. அரை மணி நேரம் ஆவும்னு சொன்னாங்க. அவுங்க வந்ததும்தான் ஆரம்பிக்கணும். ஹஜ்ரத்துகிட்ட நானே சொல்லட்டுமா?”

“வேணாம், நான் சொல்றேன்” என்று அவர் திரும்பிப் போனார். மாப்பிள்ளை வீட்டில் ஒரு மாமி, “இன்னும் எவ்ளோ நேரம்?” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். நான் மண்டப வாசலுக்குப் போய் எல்இடி போர்டுக்குக் கீழே நின்றேன். என் ஜிஃப் அதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று ஆறு விநாடி, நிமிடத்துக்குப் பத்து, அரை மணிக்கு முந்நூறு. எண்ணத் தொடங்கினேன். பிஸ்மில்லாஹ் கலைந்து கூடியது, தங்கையின் பெயர் கலைந்து கூடியது, கீழே பெரியத்தாவின் பெயர் அப்படியே நின்றது. நூறு தாண்டியபோது கால் வலித்தது. இருநூறில் அம்மா வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். முந்நூறும் தாண்டியது. ரோட்டில் எந்த வண்டி திரும்பினாலும் கழுத்தை நீட்டினேன். என் வாழ்க்கையில் ஓர் இடத்தில் அவ்வளவு நேரம் நின்றதே இல்லை.

முந்நூற்று நாற்பதோ என்னவோ, எண்ணிக்கை விட்டுப்போயிற்று. ஒரு ஆட்டோ வந்து நின்றது. புது வெள்ளைச் சட்டையின் கையில் கிரீஸ் கறையோடு பெரியத்தா இறங்கினார். போர்டை அவர் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தார், நான்கு வருடத்துக்கு முன் வாசலில் பார்த்த மாதிரியே.

“முடிச்சிட்டீங்களா?” என்று கேட்டார்.

“இல்ல பெரியத்தா” என்றேன். “எல்லாரும் நிக்கறோம்.”